ஒரு நாட்டில் வெல்லும் இறக்குமதி செடான், இன்னொரு நாட்டில் ஏன் எடுபடுவதில்லை?

டொயோட்டாவின் சொகுசுக் கார்ப் பெயரான லெக்சஸின் பெரிய செடான் அமெரிக்காவில் பென்ஸையும் பி.எம்.டபிள்யூவையும் கலங்கடித்தது, அதே கார் ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் சொற்ப எண்ணிக்கையிலேயே விற்றது, கார் ஒன்றாக இருக்கும்போது முடிவு மட்டும் ஏன் இப்படி மாறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் வாகனக் கடன் பிரிவில் விலையுயர்ந்த கார்களை மதிப்பிடும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகைக் கார்களில் போட்டி எஞ்சினிலோ இருக்கைத் தோலிலோ முடிவாவதில்லை. அந்தக் காருக்கு யார் பணம் கொடுக்கிறார், மூன்று ஆண்டுகள் கழித்து அதன் மதிப்புக்கு யார் உத்தரவாதம் என்ற இரண்டிலும்தான் முடிவாகிறது. இவை இரண்டும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன.

அந்தப் பெரிய செடானான லெக்சஸ் எல்எஸ் 400 பிறந்த சூழலிலிருந்து தொடங்குவது நல்லது. 1981 முதல் ஜப்பான், அமெரிக்காவின் அழுத்தத்தால், அங்கு அனுப்பும் கார்களின் எண்ணிக்கைக்குத் தானே வரம்பு விதித்துக்கொண்டது. தொடக்கத்தில் அது ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்கள். எண்ணிக்கையைக் கூட்ட முடியாதபோது ஒவ்வொரு காரிலும் கிடைக்கும் லாபத்தைக் கூட்டுவதே வழி என்பதால், ஜப்பானிய நிறுவனங்கள் பெரிய, விலை கூடிய கார்களின் பக்கம் திரும்பின. 1983-இல் டொயோட்டாவின் தலைவர் எய்ஜி டொயோடா உலகின் மிகச் சிறந்த காரை உருவாக்க வேண்டும் என்று தம் நிர்வாகிகளிடம் கேட்டதிலிருந்து இத்திட்டம் தொடங்கியது. தலைமைப் பொறியாளர் இச்சிரோ சுசூகியின் கீழ் 1,400 பொறியாளர்கள் உழைத்தனர். சுமார் 450 முன்மாதிரிகள் செய்யப்பட்டன. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகம் எட்ட வேண்டும். அதே நேரத்தில் எரிபொருளை அதிகம் குடிக்கும் கார்களுக்கு அமெரிக்காவில் விதிக்கப்படும் தனி வரியில் சிக்காத அளவுக்குச் சிக்கனமாகவும் இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இந்த இலக்குகளை 4 லிட்டர் வி8 எஞ்சினும் 0.29 என்ற மிகக் குறைந்த காற்றெதிர்ப்புக் குணகமும் கொண்ட அந்தக் கார் எட்டியது.

1989 செப்டம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை நாற்பதாயிரம் டாலருக்குக் கீழே இருந்தது. பென்ஸின் பெரிய செடானான எஸ்-கிளாஸின் வி8 மாடல்கள் அறுபதாயிரத்தைத் தாண்டியிருந்தன. இந்த இடைவெளிக்கு டொயோட்டாவின் திறமை மட்டுமே காரணமன்று என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டாலரின் மதிப்பைக் குறைக்க வளர்ந்த நாடுகள் செய்துகொண்ட 1985-இன் பிளாசா உடன்படிக்கைக்குப் பிறகு டாலருக்கு எதிராக ஜெர்மன் மார்க்கின் மதிப்பு வெகுவாக உயர்ந்ததால், ஜெர்மன் கார்களின் அமெரிக்க விலையும் ஏறிக்கொண்டே போனது. யென்னும் உயர்ந்ததுதான், ஆனால் டொயோட்டா ஒரு புதிய பெயரை நிலைநாட்டுவதற்காக லாபத்தைக் குறைத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. 1995-இல் டாலருக்கு எண்பது யென் என்ற அளவுக்கு யென் வலுத்தபோது எல்எஸ் 400-இன் விலையும் ஐம்பதாயிரம் டாலரைத் தாண்டியது. அதற்குள் லெக்சஸின் பெயர் அமெரிக்காவில் வேரூன்றிவிட்டிருந்ததால் அந்த விலையேற்றம் அதை வீழ்த்தவில்லை.

அந்தப் பெயர் வேரூன்றிய தருணம் என்று நான் கருதுவது ஒரு குறைபாட்டை. விற்பனை தொடங்கிய மூன்று மாதங்களில், 1989 டிசம்பரில், வயரிங் தொடர்பாகவும் சூடேறிய பிரேக் விளக்கு தொடர்பாகவும் இரண்டே வாடிக்கையாளர் புகார்கள் வந்தன. நிறுவனம் அதுவரை விற்றிருந்த சுமார் 8,000 கார்களையும் திரும்ப அழைத்தது. திரும்ப அழைத்தது என்றாலும் வாடிக்கையாளர் காரை ஓட்டிக்கொண்டு வரவேண்டியிருக்கவில்லை. டீலர்களின் ஆட்கள் வீட்டுக்கே வந்து காரை எடுத்துச் சென்று, பழுதை நீக்கித் திருப்பிக் கொடுத்தனர். டீலர் இல்லாத ஊர்களுக்குத் தொழில்நுட்ப ஊழியர்கள் விமானத்தில் அனுப்பப்பட்டு, அங்கே வாடகைக்கு எடுத்த பட்டறைகளில் வேலை நடந்தது. இருபது நாட்களில் எல்லாம் முடிந்தது. புதிய நிறுவனத்தின் காரை வாங்குபவருக்கு இருக்கும் முதன்மையான அச்சம், பழுதானால் யார் பொறுப்பேற்பார் என்பதே. அந்த அச்சத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் எந்த விளம்பரத்தாலும் சொல்லியிருக்க முடியாது. 1990-இல் லெக்சஸ் தன் இரண்டு செடான் மாடல்களிலும் சேர்த்து அமெரிக்காவில் 63,594 கார்களை விற்றது. 1991-இல் அந்நாட்டில் அதிகம் விற்கும் இறக்குமதி சொகுசுக் கார்ப் பெயர் என்ற இடத்தைப் பிடித்தது. அதே ஆண்டுகளில் நிஸ்ஸான் கொண்டுவந்த இன்ஃபினிட்டி க்யூ45 குதிரைத்திறனில் எல்எஸ் 400-ஐ விஞ்சியது. ஆனால் அதன் தொடக்க விளம்பரங்கள் காரையே காட்டாமல் பாறைகளையும் மரங்களையும் காட்டின. விற்பனையில் அது லெக்சஸை நெருங்கவே இல்லை.

அமெரிக்காவில் இது சாத்தியமானதற்கு வாங்குபவரின் தன்மை முக்கியக் காரணம். மருத்துவர், வழக்கறிஞர், சிறுதொழில் முதலாளி என்று தம் சொந்தக் கணக்கில் காரை வாங்குபவர்கள் அங்கே அதிகம். இருபதாயிரம் டாலர் மிச்சமாகிறது, பட்டறைக்குப் போக வேண்டிய தேவையும் குறைகிறது என்றால் அந்த நன்மை முழுவதும் அவர்களுக்கே சேர்கிறது. அக்காலத்தில் வெறும் 2.5 சதவீதமாக இருந்த அமெரிக்கக் கார் இறக்குமதி வரியும் இதற்கு உதவியது. அந்த வரி நிலையானதன்று என்பதை 1995 மே மாதம் காட்டியது: கிளிண்டன் அரசு 13 ஜப்பானிய சொகுசு மாடல்களின் மீது 100 சதவீத வரி விதிக்கப்போவதாக அறிவித்தது. ஜூன் மாத இறுதியில் இரு நாடுகளும் உடன்பாட்டுக்கு வந்ததால் அது நடைமுறைக்கு வரவில்லை.

இப்போது ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே பெரிய செடான்களில் மிகப் பெரும் பங்கு நிறுவனங்களின் பெயரில் பதிவாகின்றன. அதிகாரிக்கு அது சம்பளத்தின் ஒரு பகுதி. சொந்த உபயோகத்துக்காக மாதந்தோறும் காரின் பட்டியல் விலையில் 1 சதவீதத்தை வருமானமாகக் கணக்கிட்டு அதற்கு மட்டும் அவர் வரி கட்டுகிறார். காரின் விலை குறைவு என்பதால் அவருக்குக் கிடைக்கும் நன்மை மிகச் சிறிது. நிறுவனமோ காரை மூன்று ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுக்கிறது. குத்தகையின் மாதத் தொகை, இன்றைய விலைக்கும் மூன்று ஆண்டுகள் கழித்துக் கணிக்கப்படும் மறுவிற்பனை விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. எஸ்-கிளாஸுக்கு அந்தக் கணிப்பைச் செய்யப் பல்லாண்டு விற்பனைப் பதிவுகள் இருந்தன. லெக்சஸுக்கு அவை இல்லை. பட்டியல் விலையில் மலிவாகத் தோன்றும் கார் மாத வாடகையில் விலை கூடியதாகிவிடும் விந்தை இங்கிருந்தே தொடங்குகிறது. எங்கள் கடன் பிரிவிலும் இதையே பார்த்திருக்கிறேன்: ஒரு காரைப் பற்றித் தகவல் குறைவாக இருந்தால், மதிப்பீட்டாளர் அதற்குக் குறைந்த மதிப்பையே எழுதுவார். அதில் காழ்ப்பு ஏதுமில்லை, எச்சரிக்கை மட்டுமே. ஆனால் புதிதாக வருபவருக்கு அது மதில் போல நிற்கிறது.

எஞ்சின் தேர்வும் அதே அளவுக்குத் தடையாக இருந்தது. எல்எஸ் 400 ஒரே பெட்ரோல் எஞ்சினுடன் வந்தது. ஜெர்மானியர்கள் ஆறு சிலிண்டரிலிருந்து பன்னிரண்டு சிலிண்டர் வரை அடுக்கி வைத்திருந்தார்கள். 1990-களில் டீசலையும் தம் பெரிய கார்களுக்குள் கொண்டுவந்தார்கள். பெட்ரோல் விலை அதிகமான ஐரோப்பாவில் நீண்ட தூரம் ஓடும் அலுவலகக் காருக்கு டீசல் இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தபோது லெக்சஸிடம் கொடுக்க எதுவும் இல்லை. அதன் முதல் டீசல் கார் 2005-இன் இறுதியில்தான் வந்தது. அதுவும் சிறிய ஐஎஸ் வரிசையில். எல்எஸ் வரிசை கடைசிவரை டீசல் எஞ்சினைப் பெறவே இல்லை. இவற்றோடு ஐரோப்பாவில் அக்காலத்தில் இருந்த 10 சதவீதச் சுங்க வரியையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவில் வெற்றிக்குக் காரணமாயிருந்த ஒவ்வொன்றும் இங்கே வலுவிழந்துவிடுகிறது.

ஜப்பானியர்களுக்கு ஐரோப்பாவில் நேர்ந்ததை வைத்து, இது நாட்டுப் பெருமிதத்தின் கதை என்று முடிவுகட்ட வேண்டாம். ஜெர்மானியர்களே இதே சிக்கலில் மாட்டியதற்கு ஃபோக்ஸ்வாகன் ஃபேட்டன் சான்று. அந்நிறுவனத்தின் தலைவராக இருந்த ஃபெர்டினாண்ட் பியெக்கின் பிடிவாதத்தால் 2002-இல் பிறந்த அந்தக் கார், டிரெஸ்டன் நகரில் கண்ணாடிச் சுவர்கள் கொண்ட தனித் தொழிற்சாலையில் கையால் பொருத்தப்பட்டது. பென்ட்லி கான்டினென்டல் ஜிடியுடன் அடிக்கட்டமைப்பைப் பகிர்ந்துகொண்டது. தரத்தில் அதற்குக் குறை சொன்னவர்கள் மிகச் சிலரே. ஆனால் அமெரிக்காவில் அதை வாங்க வந்தவர், அந்நிறுவனத்தின் சாதாரணக் காரான ஜெட்டாவை வாங்க வந்தவர் உட்கார்ந்த அதே ஷோரூமில், அதே விற்பனையாளரிடம் பேச வேண்டியிருந்தது. 2006-இல் அது அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகிக்கொண்டது. அதே கார் பிற்காலத்தில் சீனாவில் தன் முக்கியச் சந்தைகளுள் ஒன்றைக் கண்டது. 1980-கள் முதல் ஷாங்காயில் சான்டானா கார்களைச் செய்துவந்த ஃபோக்ஸ்வாகனின் பெயருக்குச் சீனாவில் அமெரிக்காவில் இல்லாத மரியாதை இருந்தது என்பதே என் கணிப்பு.

ஹூண்டாய் இந்தப் பாடத்தை நன்றாகப் படித்திருந்தது. 2010-இன் இறுதியில் ஈக்வஸ் செடானை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தபோது தனி ஷோரூம் கட்டவில்லை. மாறாக, சர்வீஸுக்கு ஊழியரே வீட்டுக்கு வந்து காரை எடுத்துப்போய், மாற்றுக் கார் ஒன்றை விட்டுவிட்டு வரும் ஏற்பாட்டைச் செய்தது. காரின் கையேட்டை ஐபேடில் போட்டுக் கொடுத்தது. வாடிக்கையாளர் ஷோரூமுக்குள் நுழையவே தேவையில்லாதபடி செய்த அந்த யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன். இருந்தும், ஹூண்டாய் என்ற பெயரோடு அந்த விலையில் தொடர முடியாது என்று உணர்ந்து, 2015 நவம்பரில் ஜெனிசிஸைத் தனிப் பெயராகப் பிரித்தது.

இந்தியாவில் கணக்கு வேறு விதம். இங்கே ஒரு பெரிய செடானின் தலைவிதியை முதலில் எழுதுவது சுங்க வரிதான். முழுமையாக இறக்குமதியாகும் விலையுயர்ந்த காருக்கும், பாகங்களாக வந்து இங்கே பொருத்தப்படும் காருக்கும் இடையே உள்ள வரி வித்தியாசம் மிகப் பெரியது. 2021 ஜூனில் புதிய எஸ்-கிளாஸ் முழு இறக்குமதியாக வந்தபோது எஸ் 400டி மாடலின் விலை 2.17 கோடி ரூபாய். அதே ஆண்டு அக்டோபரில் புனே அருகே சக்கன் ஆலையில் பொருத்தப்பட்ட எஸ் 350டி 1.57 கோடிக்கு வந்தது. எஞ்சினும் வசதிகளும் ஒன்றல்ல என்றாலும், இடையிலுள்ள அறுபது லட்சத்தில் பெரும்பகுதி வரிதான். பி.எம்.டபிள்யூ சென்னை அருகே 2007 முதல் ஆலை நடத்திவருவதன் அர்த்தமும் இதுவே. லெக்சஸ் எல்எஸ் 500எச் 2018-இல் முழு இறக்குமதியாகவே இங்கு வந்து, உள்ளூரில் பொருத்தப்பட்ட எஸ்-கிளாஸோடும் பி.எம்.டபிள்யூ 7 சீரிஸோடும் மோதியது. விளைவு எதிர்பார்த்ததுதான். ஆனால் ஈஎஸ் 300எச் செடானை 2020 முதல் பெங்களூரு அருகே பிடதியில் பொருத்தத் தொடங்கிய பிறகு லெக்சஸுக்கு இங்கே நிற்க ஓர் இடம் கிடைத்தது. அது டொயோட்டா கேம்ரியின் உறவுக்காரர் என்பதால் நம்பகத்தன்மை குறித்து யாரும் சந்தேகப்படவில்லை. சாதாரணப் பெரிய கார்களைவிட, அதைப் போல் பெட்ரோலிலும் மின்சாரத்திலும் சேர்ந்து ஓடும் ஹைபிரிடுக்கு மொத்த வரி சற்றுக் குறைவாக இருந்ததும் துணை செய்தது. 2025 செப்டம்பரின் ஜி.எஸ்.டி. மாற்றத்தில் எல்லாப் பெரிய கார்களும் 40 சதவீதத்துக்கு வந்துவிட்டதால் அந்தச் சிறு அனுகூலம் போய்விட்டது. மேலும், இங்கே உரிமையாளர் பின்னால்தான் உட்காருகிறார். பென்ஸ் 2017 முதல் ஈ-கிளாஸின் நீளமான வடிவத்தை இந்தியாவில் விற்கிறது, பி.எம்.டபிள்யூ 2024-இல் 5 சீரிஸின் நீள வடிவத்தைச் சென்னையில் பொருத்தத் தொடங்கியது. லெக்சஸின் ஈஎஸ் வரிசையில் அப்படியொரு வடிவம் இல்லை.

அடுத்து கவனிக்க வேண்டியது சீனாவின் மின்சார செடான்கள். பிஒய்டி என்ற சீன நிறுவனத்தின் சீல் செடான் இந்தியாவுக்கு 2024 மார்ச்சில் 41 லட்ச ரூபாயில் முழு இறக்குமதியாக வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 அக்டோபரிலிருந்து சீனாவில் தயாரான பிஒய்டி கார்களுக்கு வழக்கமான 10 சதவீதத்துக்கு மேல் 17 சதவீதக் கூடுதல் வரி விதித்தது. அமெரிக்கா சீன மின்சாரக் கார்களுக்கு 100 சதவீத வரி போட்டுக் கதவை அடைத்துவிட்டது. சொந்தக் கார் உற்பத்தி 2017-இல் முடிந்துபோன ஆஸ்திரேலியாவிலோ சீனக் கார்களுக்குச் சுங்க வரியே இல்லை. ஆகவே சீல் தன் முழு விலைப் பலத்தோடு மோத முடிகிற இடம் அதுதான். ஆனால் புதிய காரின் விலையை அடிக்கடி குறைக்கும் நிறுவனம், ஏற்கெனவே வாங்கியவரின் காருடைய மதிப்பையும் சேர்த்தே குறைக்கிறது. என்னிடம் யாராவது சீலுக்குக் கடன் மதிப்பீடு கேட்டால், ஆஸ்திரேலியாவில் தொடக்கத்தில் விற்ற கார்கள் மூன்று ஆண்டு முடிந்து பழைய கார் சந்தைக்கு வரும்போது என்ன விலைக்குப் போகின்றன என்பதைத்தான் முதலில் தேடிப் பார்ப்பேன்.