வெயில் பாறையில் கை வழுக்குகிறதே!

கேள்வி: கலிபோர்னியாவின் பிஷப் நகருக்கு நவம்பரில் போல்டரிங் (கயிறில்லாமல் பெரிய பாறைகளில் ஏறுவது) செய்யப் போகிறோம். பளிச்சென்று வெயிலடிக்கும் ஊராமே, பகல் முழுக்க ஏறலாமா?

பதில்: ஏறலாம். ஆனால் கஷ்டமான பாறைகளை நிழல் விழும் நேரத்துக்கு ஒதுக்கிவையுங்கள். பாறை சூடானால் விரல் நுனி வியர்க்கும், ஷூவின் ரப்பரும் இளகும். சின்னப் பிடிகளில் நிற்கவே முடியாது. பிஷப் அருகே உள்ள பட்டர்மில்க் பாறைகளின் சொரசொரப்பு தோலைச் சீவிவிடும். முயற்சிக்கு முயற்சி 3 முதல் 5 நிமிடம் ஓய்வு கொடுங்கள். விரல் நுனி சிவந்து பளபளத்தால் அன்றைக்கு அவ்வளவுதான். மீறினால் தோல் கிழிந்து மீதி நாட்களும் வீணாகும். தடித்த தோலை மட்டும் முன்கூட்டியே தேய்த்துச் சமன்செய்யுங்கள்.

பட்டர்மில்கில் பல பாறைகள் மிக உயரமானவை. விழுந்தால் தாங்கக் கீழே விரிக்கும் மெத்தை ஒன்று போதவே போதாது. மெத்தைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் கணுக்கால் பிசகும், அதை மூடுங்கள். கீழே நிற்பவர் விழுபவரைத் தாங்கிப் பிடிக்கக் கூடாது. விழுபவரின் இடுப்பைத் தள்ளி மெத்தைப் பக்கம் திருப்பினால் போதும். இறங்கும் வழியை ஏறுமுன்பே பார்த்துவிடுங்கள்.

பிஷப் பக்கம் ஏறுவதற்கான இன்னொரு இடமான ஹேப்பி போல்டர்ஸ் எரிமலைச் சாம்பல் இறுகி உருவான பாறை. மழையில் ஊறினால் பிடிகள் உடையும், உடைந்தது திரும்ப வராது. மேற்பரப்பு காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். தயவுசெய்து ஓரிரு நாள் பொறுங்கள்.