மூழ்கிப்போன தோடு

அன்புள்ள ஐயா,

பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. பெயர் போடவேண்டாம். போன மாதம் என் அக்கா இறந்துபோனார். வயது 47. அப்பா படுக்கையில் விழுந்தபோது அக்காவுக்கு 16. பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியிருந்தார். பெரியப்பா வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் கூடி, "ஒருத்தி வேலைக்குப் போனா மத்த நாலு பேர் பொழைச்சுக்கும்" என்று முடிவுசெய்து, ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கு அனுப்பினார்கள். 31 வருடம் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தார். வந்த வரன்களையெல்லாம் வீட்டிலேயே தட்டிக்கழித்தார்கள். நான் நர்சிங் சேர்ந்தபோது, யாரும் கேட்காமலே காதிலிருந்த தோட்டைக் கழற்றி அடகு வைத்துப் பணம் கட்டினார். அதை மீட்க முடியவில்லை, மூழ்கிவிட்டது. கடைசிவரை காதில் வேப்பங்குச்சிதான்.

அடக்க ஆராதனையில் ஆயர், "கிறிஸ்துவைப்போலத் தன்னையே பலியாகக் கொடுத்த சகோதரி" என்றார். எல்லாரும் அழுதார்கள். எனக்குக் கோபம் வந்தது. இப்போது அண்ணன்கள் கல்லறைக்குக் கிரானைட் கல் பதித்து "தியாகச் சுடர்" என்று எழுதப்போகிறார்கள். என்னிடமும் பங்கு கேட்கிறார்கள். பெரிய அண்ணன் மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். "அத்தை மாதிரி நீயும் கொஞ்ச நாள் கம்பெனிக்குப் போ, தம்பி படிக்கட்டும்" என்று அவளிடமும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நம் விசுவாசத்தில் தியாகம் என்பது இதுதானா? நான் கோபப்படுவது பாவமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் பாவமில்லை. உங்கள் அக்காமேல் இருக்கிற அன்புதான் அப்படி வெளிவருகிறது.

திண்ணையில் பேசிய அந்த வார்த்தையைப் படித்ததும் எழுந்துபோய் யோவான் 11-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். கிட்டத்தட்ட அதே பேச்சு அங்கே இருக்கிறது: "ஜனங்களெல்லாரும் கெட்டுப்போகாதபடிக்கு ஒரே மனுஷன் ஜனங்களுக்காக மரிப்பது நமக்கு நலமாயிருக்கும்." சொன்னவர் பிரதான ஆசாரியராகிய காய்பா. அங்கேயும் பெரியவர்கள் கூடினார்கள், கணக்குப் போட்டார்கள், அந்த இடத்தில் இல்லாத ஒருவருடைய உயிரைப் பற்றி முடிவெடுத்தார்கள். "நமக்கு நலமாயிருக்கும்" என்பதைக் கொஞ்சம் நின்று வாசித்துப் பாருங்கள். யோவான் இதைத் தீர்க்கதரிசனம் என்றும் எழுதுகிறார். காய்பாவின் வாயிலிருந்துகூடக் கடவுள் ஒரு உண்மையை வரவழைத்தார். அதற்காகக் காய்பா செய்தது நியாயமாகிவிடாது.

இதற்கு முந்தின அதிகாரத்தில் இயேசு தம் ஜீவனைப் பற்றிப் பேசுகிறார்: "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்." சிலுவை ஒன்றுதான். காய்பா அதைப் பறிப்பாகச் செய்தார், இயேசு அதைக் கொடையாக ஆக்கினார். கெத்செமனேயில் அவருக்கு ஒரு இரவும் இருந்தது. "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால்" என்று வாய்விட்டுக் கேட்டு, வியர்த்து, அதற்குப் பிறகு எழுந்து போனார். உங்கள் அக்காவுக்கு அப்படி ஒரு இரவை யாரும் கொடுக்கவில்லை. ஆயர் அவரை இயேசுவின் பக்கத்தில் நிறுத்தியதில் எனக்குக் குறையில்லை. திண்ணையில் இருந்தவர்கள் யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் அவர் சொல்லியிருக்கவேண்டும். சொல்லாமல் விட்டதுதான் உங்களைச் சுட்டிருக்கிறது.

நம் மொழியிலும் ஒரு சிக்கல் உண்டு. லாரி மோதினால் "மூவர் பலி" என்று செய்தி வருகிறது. ஆடி மாதம் கெடா வெட்டினாலும் பலி, நாம் ஆலயத்தில் பாடுவதும் ஸ்தோத்திரபலி, கத்தோலிக்கர்களுக்குப் பூசையே திருப்பலி. அகப்பட்டுச் செத்தவருக்கும் மனமுவந்து கொடுத்தவருக்கும் ஒரே சொல்லாக இருப்பதால் முன்னதைப் பின்னதாக மாற்றிச் சொல்வது நமக்கு மிகச் சுலபம். தியாகம் என்ற சொல் அப்படிக் கலங்கிய சொல் இல்லை. பழைய வழக்கில் அதற்குக் கொடை என்றே பொருள். விக்கிரம சோழனுக்குத் தியாகசமுத்திரம் என்று பட்டம் இருந்தது, வாரிக்கொடுத்தவன் என்பதற்காக. கையில் இருப்பவர்தான் கொடுக்க முடியும். 16 வயதில் உங்கள் அக்காவின் கையில் என்ன இருந்தது? பத்தாவது மார்க் ஷீட் ஒன்று. அதையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

பழைய ஏற்பாட்டில் காணிக்கைக்கு எபிரெயச் சொல் கொர்பான். நெருங்கி வருதல் என்ற வேரிலிருந்து வந்தது. கடவுளிடம் நெருங்கக் கொண்டுபோவதுதான் பலி. சமாதானபலியில் பெரும்பங்கு இறைச்சியைக் கொண்டுவந்தவர்களே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆட்டுக்கு வழியில்லாதவன் இரண்டு புறாக் கொண்டுவரலாம், அதற்கும் வழியில்லையென்றால் கொஞ்சம் மாவு போதும் என்கிறது லேவியராகமம். ஒருவரை முழுதாகக் கரைத்துவிடுவதைக் கடவுள் கேட்டதாக அங்கே இல்லை. ஆனால் இந்தச் சொல்லையும் பிடுங்கலுக்கு உபயோகித்தார்கள். தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைக் கொர்பான் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டவர்களை இயேசு மாற்கு 7-இல் கடுமையாகவே கேட்கிறார்.

நம் மாவட்டத்தில் தியாகம் என்றதும் எல்லாரும் ஐடா ஸ்கடரைச் சொல்வோம். ராணிப்பேட்டையில் ஒரு அமெரிக்க மிஷனரி குடும்பத்தில் 1870-இல் பிறந்தவர். மிஷனரியாகும் எண்ணமே அவருக்கு இல்லை, அமெரிக்காவிலேயே வாழ விரும்பியவர். உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்க்க வந்தபோது, திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து. மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில். நான் மருத்துவர் இல்லை, என் அப்பா வருவார் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். மருத்துவம் படித்து 1900-இல் வேலூர் திரும்பி, ஒரே படுக்கையோடு ஆரம்பித்தார். 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார்.

மேடைகளில் இந்தக் கதையை "அமெரிக்க வாழ்க்கையைத் துறந்தார்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த மூன்று பெண்கள்தான் முக்கியமாகப் படுகிறார்கள். "உனக்கு என்ன வேண்டும்?" என்று அந்த இரவில் அவர்களை யாரும் கேட்கவில்லை. வழக்கம் அவர்களைப் பலி கொண்டது. இனி இப்படி ஒருத்தி சாகக்கூடாது என்று ஐடா தன்னைக் கொடுத்தார், அதுவும் தானாக முடிவெடுத்து. பலியாக்கப்பட்டவர்களுக்காகக் கொடுப்பதைத்தான் நான் கிறிஸ்தவத் தியாகம் என்று புரிந்துகொள்கிறேன். அடுத்த வரிசையில் இன்னொரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்துகிற எதற்கும் அந்தப் பெயர் பொருந்தாது.

ஐடா தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) இலட்சிய வாக்கியம் மாற்கு 10:45-இலிருந்து எடுத்தது: ஊழியங்கொள்ள அல்ல, ஊழியஞ்செய்ய. அந்த வசனம் மேலும் போகிறது: "அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்கவும் வந்தார்." மீட்பு என்ற சொல் பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டு நமக்குத் தேய்ந்துபோய்விட்டது. அடகுக்கடை வாசலில் நின்றவர்களுக்கு அது தேயவில்லை. உங்கள் அக்கா தோட்டை மீட்கவில்லை, அந்தத் தோட்டால் உங்களை மீட்டார். அதை யாரும் கேட்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். திண்ணை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதற்கு நடுவில், தன்னுடையது என்று மிச்சமிருந்த ஒன்றைத் தன் கையாலேயே கழற்றிக் கொடுத்திருக்கிறார். 31 வருடத்தையும் பறிப்பு என்று மொத்தமாக எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. தினமும் காலையில் பஸ் ஏறும்போது அவர் மனதில் என்ன இருந்தது என்பது அவருக்கும் கடவுளுக்கும் தெரியும். தோடு மட்டும் நமக்குத் தெரியும்.

பெரியப்பாவிடமும் அண்ணன்களிடமும் சண்டை போடச் சொல்லவில்லை. அவர்களும் வறுமையில் நின்று எடுத்த முடிவுதான். ஆனால் ஒருமுறை எல்லாரும் இருக்கும்போது, "அக்காவை யாராவது கேட்டோமா?" என்று கேளுங்கள். அக்காவுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதை அவர்கள் வாயால் சொல்லட்டும். அது நடக்காமல் "தியாகச் சுடர்" என்று கல்லில் வெட்டினால், அந்தக் கடனை மூடும் கல்லாகவே அது இருக்கும்.

கல்லுக்கு இப்போது பங்கு கொடுக்காதீர்கள். மண்மேடு அப்படியே இருக்கட்டும், ஒரு சிலுவை நட்டிருந்தால் போதும். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் மகளிடம் போய், அவளுக்கு என்ன படிக்க விருப்பம் என்று கேளுங்கள். கம்பெனிக்குப் போகத்தான் விருப்பம் என்று அவள் சொன்னால் அதையும் மதியுங்கள், ஆனால் அவள் சொல்லவேண்டும். கல்லூரி விண்ணப்பங்கள் முடிவதற்குள் போய்விடுங்கள். அத்தையின் தோட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாமலிருக்கலாம். அதையும் சொல்லுங்கள்.