கௌபாய் தொப்பியோடு சவன்னாவுக்கு

கேள்வி: என் கல்லூரித் தோழிக்கு நவம்பரில் திருமணம். அதற்கு முந்தைய மாதம் அட்லாண்டாவிலிருந்து எட்டுப் பெண்கள் காரில் சென்று, வெள்ளி முதல் ஞாயிறு வரை ஜார்ஜியாவின் கடலோர நகரமான சவன்னாவில் தங்கி, பேச்சிலரெட் பார்ட்டி, அதாவது மணப்பெண்ணுக்காகத் தோழிகள் நடத்தும் திருமணத்துக்கு முந்தைய கொண்டாட்டம், நடத்த இருக்கிறோம். பூட்ஸ், தொப்பி என எல்லாம் வெஸ்டர்ன் பாணியில், அதாவது மாடு மேய்த்த கௌபாய்களின் உடையில், அமைய வேண்டும் என்பது மணப்பெண்ணின் ஆசை. ஏற்பாடு முழுவதும் என் பொறுப்பு. எங்களில் இருவர் மது அருந்துவதில்லை. ஒருத்தி இன்னும் மாணவி, செலவை எண்ணித் தயங்குகிறாள். அந்தப் பழைய நகரத்துக்கு இந்த வேடம் பொருந்துமா? எப்படித் திட்டமிடலாம்?
— வாசகி, அட்லாண்டா

பதில்: தயங்கும் அந்த மாணவியிலிருந்தே திட்டத்தைத் தொடங்குங்கள். எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் தொகையைக் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி, எவ்வளவு முடியும் என்று அறிந்து, மிகக் குறைந்த தொகையைச் சொன்னவரால் இயல்பாகக் கலந்துகொள்ள முடிகிற அளவிலேயே மொத்தச் செலவையும் வகுத்துக்கொள்ளுங்கள். மணப்பெண்ணின் பங்கை மற்றவர்கள் ஏற்பது அமெரிக்க வழக்கம் என்பதால், வீட்டு வாடகை 1,400 டாலர் என்றால் தலைக்கு எட்டால் வகுத்த 175 அல்ல, ஏழால் வகுத்த 200 டாலர் வரும். இந்தக் கணக்கை முன்பணம் கட்டுவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிவித்துவிடுங்கள்.

வேடம் பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1733-இல் ஜேம்ஸ் ஓகல்தார்ப் நிறுவிய சவன்னா ஒரு துறைமுக நகரம். பருத்தி ஏற்றுமதியில் செழித்த ஊர். கௌபாய்கள் மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்றதோ, அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் டெக்சாஸிலிருந்து கான்சாஸ் ரயில் நிலையங்களுக்கு. ஆகவே வெஸ்டர்ன் பாணி இந்த ஊருக்கு விருந்தாளிதான். விருந்தாளியாகவே அதை வைத்துக்கொண்டால் அழகாக இருக்கும்: தொப்பி, கழுத்தில் பந்தனா, டெனிம், பூட்ஸ், அவ்வளவு போதும். கௌபாய்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. அவர்களுடைய தொழிலோ மெக்சிகோவில் குதிரை மீதேறி மாடு மேய்த்த வக்கேரோக்களிடமிருந்து வந்தது. உழைத்து வாழ்ந்த அந்த மனிதர்களின் உடை என்ற நினைவோடு அணிந்தால் அது கேலிக்கூத்தாகாது. பூர்வகுடிகளின் இறகுக் கிரீடம் வேண்டவே வேண்டாம். பொம்மைத் துப்பாக்கியும் வேண்டாம். தெருவில் அதைப் பார்ப்பவருக்குப் பொம்மை என்று தெரியாது.

பூட்ஸைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் பயணத்தைக் கெடுக்கக்கூடியது அதுதான். ரிவர் தெருவில் பாவியிருப்பவை, பழைய கப்பல்கள் பாரத்துக்காகச் சுமந்து வந்து இறக்கிய கற்கள்; மேடுபள்ளமானவை. பே தெருவிலிருந்து அங்கே இறங்கும் பழைய கற்படிகள் செங்குத்தானவை, உயரமும் சீராக இராது. வழவழப்பான தோல் அடிப்பாகமும் உயர்ந்த குதியும் கொண்ட புதிய பூட்ஸோடு இரவில் அந்தப் படிகளில் இறங்குவது ஆபத்து. ஒரு மாதத்துக்கு முன்பே வாங்கி, வீட்டில் அணிந்து பழக்கி, அடியில் ரப்பர் ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பையில் தட்டையான செருப்பு ஒரு ஜோடி இருக்கட்டும். ஓகல்தார்ப் வகுத்த திட்டத்தைப் பின்பற்றி அமைந்த சதுக்கங்களில் 22 இன்றும் நிழல் தரும் ஓக் மரங்களோடு இருக்கின்றன; நடந்து பார்த்தால்தான் அந்த ஊர் பிடிபடும்.

சவன்னாவின் வரலாற்றுப் பகுதியில் 21 வயது நிறைந்தவர்கள் 16 அவுன்ஸுக்கு மிகாத ஒரே ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் மதுவைத் தெருவில் ஏந்திச் செல்லலாம். கண்ணாடிக்கும் டின்னுக்கும் அனுமதி இல்லை. இந்தச் சலுகைக்காகவே பலர் முழு நாளையும் மதுக்கடைகளைச் சுற்றி அமைத்துவிடுகிறார்கள். அருந்தாத இருவருக்கு அந்த நாள் வெறும் காத்திருப்பாகிவிடும். வெள்ளி மாலை குதிரை வண்டியில் சதுக்கங்களைச் சுற்றுங்கள். வெஸ்டர்ன் பாணிக்கும் அது இசையும். சனிக்கிழமை காலை, சுமார் 18 மைல் தொலைவிலுள்ள டைபீ தீவின் கடற்கரைக்குப் போகலாம். அன்று மாலை லைன் டான்ஸ் கற்பிக்க ஒருவரை அமர்த்துங்கள். ஜோடி தேவையில்லாத, எட்டுப் பேரும் ஒரே வரிசையில் நின்று ஆடும் ஆட்டம் என்பதால் யாரும் ஓரமாக உட்கார நேராது. ஞாயிறன்று ஒரு மணி நேரத்தை 1819-இல் கட்டி முடிக்கப்பட்ட ஓவன்ஸ்-தாமஸ் மாளிகைக்கு ஒதுக்குங்கள். அதன் பின்கட்டில் அடிமைகள் வாழ்ந்த குடியிருப்பையும் காட்டுகிறார்கள். நீங்கள் ரசிக்கும் அந்த அழகு யாருடைய உழைப்பில் எழுந்தது என்பதை அறியாமல் திரும்ப வேண்டாம் என்று மனமார விரும்புகிறேன்.

ஒன்று மட்டும் மறவாதீர்கள். புயல் பருவம் நவம்பர் 30 வரை நீடிக்கும். 2016 அக்டோபரில் மேத்யூ புயலுக்காக அந்தக் கடலோரத்தையே காலி செய்யச் சொன்னார்கள். பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனையுள்ள வீட்டை மட்டுமே பதிவு செய்யுங்கள்.

கேள்வி: சவன்னாவின் போனவெஞ்சர் கல்லறைத் தோட்டத்தில் கௌபாய் உடைகளோடு குழுவாகப் படம் எடுத்துக்கொள்ளலாமா?
— மற்றொரு வாசகி

பதில்: தவிர்த்துவிடுங்கள். 1907 முதல் நகராட்சியின் பொறுப்பிலுள்ள அந்த இடத்தில் இன்றும் அடக்கம் நடக்கிறது. துயரத்தோடு வரும் குடும்பத்தின் எதிரே ஒரு கொண்டாட்டக் குழு நிற்கக் கூடாது. சாதாரண உடையில் அமைதியாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, படங்களை ஃபோர்சைத் பூங்காவில், 1858-இல் அமைத்த வெண்ணிற நீரூற்றின் அருகே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் சீக்கிரம் சென்றால் கூட்டம் குறைவாக இருக்கும்.