மகனுக்குப் பருவ மாற்றங்களை எப்போது, எப்படிச் சொல்வது?

கேள்வி: மகளுக்கு மாதவிடாய் பற்றி முன்பே சொல்லிக் கொடுத்துவிட்டேன். மகனுக்கு இப்போது 11 வயது. "பையன்தானே, தானா தெரிஞ்சுக்குவான்" என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. எதிலிருந்து தொடங்குவது? அம்மாவான நானே பேசலாமா?

பதில்: நீங்களே பேசலாம், இப்போதே தொடங்குங்கள். ஆண் பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் 9 முதல் 14 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் ஆரம்பிக்கும். முதலில் வருவது மீசையோ குரல் மாற்றமோ அல்ல, விரைகள் பெரிதாவதுதான். அது வெளியே யாருக்கும் தெரியாது. குரல் உடைந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், அதற்குள் அவன் பாதி வழியைத் தனியாகக் கடந்திருப்பான். 9 வயதுக்கு முன்பே மாற்றம் தெரிந்தாலும், 14 முடிந்தும் எதுவும் தொடங்காவிட்டாலும் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதல் பாடம் உறுப்புகளின் பெயர்கள். ஆண்குறி, விரை, விரைப்பை, முன்தோல் ஆகியவற்றை முழங்கை, கணுக்கால் என்று சொல்லும் அதே குரலில் சொல்லுங்கள். செல்லப் பெயர் மட்டுமே தெரிந்த பிள்ளைக்கு, வலி வந்தாலும் யாராவது தவறாகத் தொட்டாலும் எந்த இடம் என்று சொல்ல வாய் வராது.

இதை நாங்கள் இவ்வளவு வலியுறுத்த ஒரு காரணம் உண்டு. விரை முறுக்கிக்கொள்வது 12 முதல் 18 வயதுக்குள்தான் அதிகம். விரைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் திருகிக்கொண்டு ஓட்டம் நின்றுவிடும். திடீரென்று கடுமையான வலி, பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும். கூடவே வாந்தி வரலாம், அடிவயிறும் வலிக்கலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால் விரையைக் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம். நேரம் ஆக ஆக அது குறைந்துகொண்டே போகும். ஆனால் பையன்கள் வெட்கப்பட்டு "வயித்து வலி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள், வீட்டிலும் கஷாயம் கொடுத்து விடியட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். "அந்த இடத்துல வலிச்சா ராத்திரி ரெண்டு மணின்னாலும் எழுப்பணும்" என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள். வலி வந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் வழியில் சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள். வலி தானாக நின்றுவிட்டாலும் போய்க் காட்டுவதே சரி. திருகல் விலகி மறுபடி வரக்கூடும்.

அடுத்தது தூக்கத்தில் விந்து வெளியேறுவது. சொல்லி வைக்காத பிள்ளை இதை நோய் என்றோ படுக்கையில் சிறுநீர் போய்விட்டது என்றோ நினைத்துப் பயப்படுகிறான். இப்படிச் சொல்லலாம்: "தூக்கத்துல சில நாள் வெள்ளையா, பிசுபிசுன்னு வரும்ப்பா. அது ஒண்ணுக்கு இல்ல, நோயும் இல்ல. துணியை அலசிப் போட்டுட்டா போதும், யாருகிட்டயும் சொல்லணும்னு இல்ல." சுய இன்பம் பற்றியும் மறைக்க வேண்டாம்: அதனால் உடல் இளைக்காது, நினைவாற்றல் குறையாது, ஆண்மையும் போகாது. தனிமையில் செய்வது என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். ஒரு முறை வெளியேறும் விந்து பொதுவாக 2 முதல் 5 மில்லி. உடல் அதைத் தொடர்ந்து உண்டாக்கிக்கொண்டே இருக்கும். இந்தப் பயத்தை வைத்துப் பணம் பறிக்கும் போலி வைத்தியர்களிடம் அவன் போய்ச் சிக்காமல் இருக்க, உங்கள் வாயிலிருந்து முதலில் வர வேண்டிய பேச்சு இது.

மார்புக் காம்புக்கு அடியில் சிறு கட்டி போலத் தடித்து வலிப்பது ஏறத்தாழ பாதிப் பையன்களுக்கு வரும். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் தானே வடிந்துவிடும். ஒரு விரை சற்றுத் தாழ்ந்து தொங்குவதும் இயல்பே.

குளிக்கும்போது முன்தோல் எவ்வளவு எளிதாகப் பின்னால் போகிறதோ அவ்வளவு மட்டும் தள்ளி, வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். வலுக்கட்டாயமாக இழுத்தால் தோல் கிழிந்து, தழும்பாகி, இன்னும் இறுகிவிடும். கழுவி முடித்ததும் தோலை மறக்காமல் முன்னால் கொண்டுவர வேண்டும். பின்னாலேயே சிக்கி வீங்கினால் அதுவும் அவசர சிகிச்சைதான்.

அக்காவுக்குச் சொன்ன மாதவிடாய் விவரத்தை இவனுக்கும் சொல்லுங்கள். ரத்தம் எங்கிருந்து வருகிறது, ஏன் வலிக்கிறது என்று தெரிந்த பையன் வகுப்பில் ஒரு பெண்ணைக் கேலி செய்யத் தயங்குவான்.

இதையெல்லாம் ஒரே நாளில் கொட்டாதீர்கள். ஐந்து நிமிடம் போதும். எதிரெதிரே உட்கார வைத்து விசாரிப்பதைவிட, சேர்ந்து நடக்கும்போதோ துணி மடிக்கும்போதோ பேசுவது இருவருக்கும் எளிது. அவன் முகம் திருப்பினால் நிறுத்திவிட்டு, சில நாள் கழித்துத் தொடருங்கள்.

கைபேசி அவன் கைக்குப் போவதற்கு முன் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். ஆபாசக் காணொளிகளில் வருவது நடிப்பு. அதில் வரும் உடலையும் நடத்தையையும் வைத்துத் தன்னையோ பிறரையோ எடைபோடக் கூடாது. இன்னொன்று, உடை இல்லாத படத்தை யார் கேட்டாலும் அனுப்பக் கூடாது, யாரிடமும் கேட்கவும் கூடாது. அனுப்பிவிட்டு மிரட்டலில் மாட்டிக்கொண்டாலும் "நான் அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன், என்கிட்ட வா" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுங்கள். அப்படி வந்தால் பணம் கொடுக்காதீர்கள், மிரட்டல் செய்திகளை அழிக்காதீர்கள். அந்தக் கணக்கின் பெயரையும் செய்திகளையும் அப்படியே வைத்துக்கொண்டு காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள்.