குடியை முதலில் நிறுத்துவதா, மனச்சோர்வை முதலில் கவனிப்பதா? மருத்துவர் பதில்கள்

என் கணவருக்கு 46 வயது. மனச்சோர்வு, கூடவே தினமும் குடி. “குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்” என்றார் மருத்துவர். ஆலோசகரோ, “மனசு சரியானால்தான் குடி நிற்கும்” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? – ஈசூன் வாசகி

உங்களை இப்படி அலையவிட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில், ஒரே குழு, ஒரே திட்டமாகச் சிகிச்சை தரவேண்டும். சிங்கப்பூரின் புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகத்துக்குள்ளேயே போதைப்பழக்கச் சிகிச்சைக்கான ‘நேம்ஸ்’ பிரிவும் இயங்குகிறது. “இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்” என்று வாய்திறந்து கேளுங்கள். அது உங்கள் உரிமை.

போகும்போது ஒரு தாளில் வருடவாரியாக எழுதிக்கொண்டு போங்கள்: சோர்வு எப்போது தொடங்கியது, குடி எப்போது கூடியது, குடிக்காமல் இருந்த காலம் எது. தைப்பூசத்துக்கு விரதமிருந்த நாட்களில் அவர் மனம் எப்படி இருந்தது? மதுவே கொண்டுவந்த சோர்வாக இருந்தால், குடி நின்ற 2 முதல் 4 வாரங்களில் பெரும்பாலும் தெளியும். குடிக்கு முன்பே இருந்த சோர்வு அப்படிப் போகாது, அதற்குத் தனியாக மருந்தும் ஆலோசனையும் வேண்டும். ஆனால் “செத்துப்போகலாம்” என்று ஒருமுறை சொல்லியிருந்தாலும் இந்தக் கணக்குக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். மனநலக் கழகத்தின் 6389 2222 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995.

இடையில் ஒருநாள் குடித்துவிட்டார் என்பதற்காக மனநல மருந்தை அவரே நிறுத்திவிடவும் கூடாது.

மாமா பாட்டிலைத் தொடாதபடி விடுமுறை நாட்களில் அறையில் பூட்டிவைக்கப்போகிறோம். சரியா?

தயவுசெய்து வேண்டாம். பல காலமாகத் தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், 6 முதல் 24 மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை வரும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும்; இல்லாத ஆட்கள் தெரிவார்கள், குரல்கள் கேட்கும். வீட்டார் இதை மனநோய் முற்றிவிட்டதென்றோ, வேறெதுவோ பிடித்துவிட்டதென்றோ நினைத்துப் பூட்டைத் திறக்காமலே இருந்துவிடுவார்கள். உயிரே போகலாம். மருத்துவமனையில் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்தைத் தந்து படிப்படியாகக் குறைப்பார்கள்; மூளையைக் காக்கத் தயமின் என்னும் பி1 வைட்டமினும் தருவார்கள். முதலில் பலதுறை மருந்தகத்துக்காவது (பாலிகிளினிக்) அழைத்துப்போங்கள். வலிப்போ பிதற்றலோ தொடங்கிவிட்டால் 995.

ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு நோய்க்கு க்ளோசபின் மாத்திரை சாப்பிடும் தம்பி, ஒரே மூச்சில் சிகரெட்டை விட்டுவிட்டான். சந்தோஷம்தான், ஆனால் நாள் முழுக்கத் தூக்கம், எச்சில் வடிகிறது.

உங்கள் தம்பியைப் பாராட்டுகிறேன். ஆனால் இன்றே மருத்துவருக்குச் சொல்லுங்கள். சிகரெட் புகையிலுள்ள பொருட்கள் கல்லீரலை முடுக்கி, க்ளோசபினை வேகமாகக் கழித்துக்கொண்டிருந்தன. புகை நின்றதும் அதே மாத்திரை ரத்தத்தில் அதிகமாகத் தங்குகிறது. அளவு மிஞ்சினால் வலிப்பும் வரலாம். ரத்தப் பரிசோதனை செய்து அளவைக் குறைப்பார்கள். ஒலான்சபின் என்னும் மனநல மருந்துக்கும் இதே கதைதான். நிக்கோட்டின் பட்டை ஒட்டிக்கொண்டாலும் இந்த மாற்றம் நிற்காது, ஏனென்றால் காரணம் நிக்கோட்டின் அல்ல, புகை. நீங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள், அவனை மறுபடி புகைக்கவும் சொல்லாதீர்கள்.

அண்ணனுக்கு இருதுருவ மனநோய். மனம் அளவுக்கு மீறித் துள்ளும் ‘உச்சத்தில்’ இருக்கும்போது மட்டும் கசினோவுக்கு ஓடுகிறார்.

அப்படியானால் சூதாட்டம் நோயின் அறிகுறியாகவே இருக்கலாம். மனநிலை மருந்து முறையாகப் போகிறதா என்று முதலில் பாருங்கள். கூடவே சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தில் அவர் கசினோவுக்குள் நுழையாதபடி குடும்பமே தடையாணைக்கு விண்ணப்பிக்க முடியும். அவர் தெளிவாக இருக்கும் நாளில் பேசி, சுயத்தடையை அவர் கையாலேயே எழுதவைத்தால் இன்னும் நல்லது. தூக்கம் குறைவது உச்சம் தொடங்குவதன் அடையாளமாக இருக்கலாம்; அப்போது ஏடிஎம் அட்டையை யாரிடம் கொடுப்பது என்பதையும் அன்றைக்கே அவரிடம் கேட்டுவிடுங்கள்.