அடைக்கலப்பட்டணங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: ஆறு அடைக்கலப்பட்டணங்கள் எவை?

ப: கைப்பிசகாய், அதாவது வேண்டுமென்றே அல்லாமல் தவறுதலாய், ஒருவனைக் கொன்றவன் ஓடிப்போய்த் தஞ்சம் புகும்படி பழைய இஸ்ரவேலில் குறிக்கப்பட்ட ஊர்களே இவை. யோர்தானுக்கு மேற்கே கேதேஸ், சீகேம், எபிரோன், கிழக்கே பேசேர், கீலேயாத்திலுள்ள ராமோத், பாசானிலுள்ள கோலான். தேவபணிக்குரிய கோத்திரமான லேவியருக்குக் கொடுக்கப்பட்ட 48 பட்டணங்களில் இவை அடங்கும்.

கே: மோசே கன்மலையை அடித்த காதேஸ் எப்படி அடைக்கலப்பட்டணம் ஆயிற்று?

ப: அது அடைக்கலப்பட்டணம் ஆகவே இல்லை. அடைக்கலப்பட்டணமான கேதேஸ் வடக்கே நப்தலியின் மலைநாட்டில் இருந்தது. நீங்கள் சொல்லும் காதேஸ் தெற்கே வனாந்தரத்தில் இருந்தது. எழுதுமுன் யோசுவா 20ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்திருக்கலாம். மொத்தமே ஒன்பது வசனங்கள்தான்.

கே: எப்பேர்ப்பட்ட கொலைபாதகனும் பட்டணத்துக்குள் நுழைந்துவிட்டால் தண்டனைக்குத் தப்பினான் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். சரியா?

ப: தவறு. இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதினேன் என்பது எனக்கே மறந்துவிட்டது. எண்ணாகமம் 35இல் ‘கைப்பிசகாய்’ என்ற சொல் சும்மா வரவில்லை. உபாகமம் 19 காட்டும் உதாரணத்தைப் பாருங்கள்: இருவர் மரம் வெட்டக் காட்டுக்குப் போகிறார்கள், ஒருவன் கோடரியை ஓங்கும்போது இரும்பு காம்பைவிட்டுக் கழன்று மற்றவன்மேல் பட, அவன் இறந்துபோகிறான். இறந்தவனுடைய நெருங்கிய உறவினனாகிய பழிவாங்குகிறவன் மனக்கொதிப்போடு துரத்தி வரும்போது, விசாரணைக்கு முன்பே இப்படிப்பட்டவனுடைய உயிர் போய்விடாதபடி குறிக்கப்பட்டவையே இந்தப் பட்டணங்கள். ஓடிவந்தவன் பட்டணவாசலில் நின்று மூப்பர்களிடம் தன் காரியத்தைச் சொல்ல வேண்டும். பிறகு சபை விசாரிக்கும். முன்பகை இருந்ததா, பதுங்கியிருந்து தாக்கினானா, கையில் இருந்தது இரும்பா, கல்லா, மரமா என்பதெல்லாம் கணக்கில் வரும். ஒரே சாட்சியின் சொல்லை நம்பி மரணதண்டனை கொடுக்கவும் கூடாது. வேண்டுமென்றே கொன்றவன் என்று தெரிந்தால், அவனுடைய சொந்த ஊர் மூப்பர்களே ஆளனுப்பி அவனை அங்கிருந்து கொண்டுவந்து பழிவாங்குகிறவன் கையில் ஒப்புக்கொடுப்பார்கள். கைப்பிசகாய்க் கொன்றவனும் உடனே வீடு திரும்ப முடியாது, பிரதான ஆசாரியன் மரிக்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும்; அதற்குமுன் பட்டணத்தின் எல்லையைத் தாண்டி அகப்பட்டுக்கொண்டால், அவனைக் கொன்றவன்மேல் இரத்தப்பழி இல்லை. பிரசங்கத்தைக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள்.

கே: பணம் கட்டி முன்னதாக வீடு திரும்பலாமா?

ப: கூடாது. எண்ணாகமம் 35:32.

கே: பிரதான ஆசாரியன் மரித்ததும் கைப்பிசகாய்க் கொன்றவன் விடுதலையாவது ஏன்?

ப: காரணத்தை வசனம் சொல்லவில்லை, அந்த மரணமே பாவநிவிர்த்தி என்று யூத ரபிமார் சிலர் விளக்கினர், கிறிஸ்தவ போதகர்கள் அதில் கிறிஸ்துவின் மரணத்துக்கு முன்னடையாளம் காண்கின்றனர். யூத ரபிமாரின் பழைய சட்டத்தொகுப்பான மிஷ்னாவில் ஒரு சுவையான குறிப்பு உண்டு: தங்கள் மகன் சீக்கிரம் சாகவேண்டும் என்று அடைக்கலம் புகுந்தவர்கள் ஜெபித்துவிடாதபடி, பிரதான ஆசாரியர்களின் தாய்மார் அவர்களுக்கு உணவும் உடையும் கொடுத்து வந்தார்களாம்.

கே: தாவீதின் படைத்தலைவனான யோவாப் பலிபீடத்தின் கொம்புகளைப் பிடித்தும் ஏன் கொல்லப்பட்டான்?

ப: துணிந்து சதிசெய்து கொன்றவனைப் பலிபீடத்திலிருந்தும் பிடித்துக்கொண்டு போகலாம் என்பது யாத்திராகமம் 21:14. சவுலின் படைத்தலைவனாயிருந்த அப்னேரை யோவாப் தந்திரமாய் ஒதுக்கிக் கொண்டுபோய்க் குத்திய இடம் எபிரோனின் வாசல், அதாவது ஓர் அடைக்கலப்பட்டணத்தின் வாசல் என்பதையும் கவனியுங்கள்.

கே: ‘தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும்’ என்ற 46ஆம் சங்கீதம் இந்தப் பட்டணங்களைத்தானே சொல்கிறது?

ப: தமிழில் சொல் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. பட்டணங்களுக்கு எபிரெயத்தில் ‘மிக்லாத்’. சுமார் இருபது இடங்களில் வரும் அச்சொல் சங்கீதங்களில் ஒருமுறைகூட இல்லை. 46ஆம் சங்கீதத்தில் இருப்பது ‘மஹ்ஸே’, மழைக்கும் புயலுக்கும் ஒதுங்கும் மறைவிடத்தையும் குறிக்கும் சொல். ஒரு சொல் வரும் வசனங்களைப் பட்டியலிடும் ஒத்தவாக்கிய அகராதியைத் திறக்குமுன் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். அந்தச் சங்கீதத்தில் ஓடிவரும் கொலையாளி யாரும் இல்லை, நிலைபெயரும் பூமியும் கொந்தளிக்கும் கடலும்தான் இருக்கின்றன.