பார்ட்னர் போட்ட பிட்டுக்கு என்ன அர்த்தம்? – பிரிட்ஜ் கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல முக்காவாசி ஒரே ரகம். "நாங்க பேசி வச்சிருந்தோம், ஆனா டேபிள்ல வேற மாதிரி ஆயிடுச்சு." பிட்டிங்ல (எது துருப்பு, எத்தனை ட்ரிக் அதாவது பிடி எடுப்போம்னு ஏலம் கேக்குறது; 1-ன்னா 7 ட்ரிக், 2-ன்னா 8) நடக்குற பெரிய விபத்தெல்லாம் பாயின்ட் (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1) எண்ணத் தெரியாம நடக்குறதில்லைங்க, ஒரே பிட்டுக்கு ரெண்டு பேரும் வேற வேற அர்த்தம் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதாலதான் நடக்குது. அதை மனசுல வச்சுதான் பதில் சொல்லியிருக்கேன்.

பார்ட்னர் 1 நோ ட்ரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்) ஓப்பன் பண்ணார். என்கிட்ட 5 ஹார்ட், 3 சின்ன ஸ்பேட், மொத்தமே 4 பாயின்ட். 2 ஹார்ட் போட்டு நிப்பாட்டிடலாம்னு போட்டேன், டிரான்ஸ்ஃபர் (2 ஹார்ட் போட்டா "எனக்கு ஸ்பேட் இருக்கு, நீங்க 2 ஸ்பேட் போடுங்க"ன்னு அர்த்தம்) ஆடுறோம்கிறதே மறந்துபோச்சு. பார்ட்னர் "டிரான்ஸ்ஃபர்"னு அறிவிச்சுட்டு 2 ஸ்பேட் போட்டதும்தான் ஞாபகம் வந்துச்சு, உடனே 3 ஹார்ட் போட்டுட்டேன். எதிர் ஜோடி டைரக்டரை (போட்டி நடுவரை) கூப்பிட்டாங்க. என் தப்பு என்ன சார்?

மறந்தது தப்பே இல்ல, யாருக்கும் நடக்கும். 3 ஹார்ட் போட்டதுதான் பிரச்சனை. பார்ட்னர் வாயால "டிரான்ஸ்ஃபர்"னு சொன்னாரே, அது எதிராளிகளுக்காகச் சொன்னது, உங்களுக்கு இல்ல. அதைக் கேட்டு நீங்க முழிச்சுக்கிட்டீங்கன்னா அந்தத் தகவலை வச்சு பிட் பண்ற உரிமை உங்களுக்குக் கிடையாது. காதுல எதுவுமே விழலைன்னு வச்சுக்கிட்டு யோசிக்கணும். நீங்க "எனக்கு ஹார்ட் இருக்கு, கை வீக்"னு சொல்லியிருக்கீங்க, அதுக்கப்புறமும் அவர் 2 ஸ்பேட் போடுறார்னா அவருக்கு நல்ல ஸ்பேட் சூட் இருக்குன்னுதான் உங்களுக்குத் தோணியிருக்கணும், உங்ககிட்ட 3 ஸ்பேட் வேற இருக்கு, அப்ப பாஸ் பண்றது நியாயமான ஒரு வழி. அதை விட்டுட்டு, அவர் சொன்னது காதுல விழுந்ததால தோணின வழியை எடுத்தீங்க. டைரக்டர் ஸ்கோரை மாத்தியிருந்தா அது சரிதான். கஷ்டமா இருக்கும், ஆனா இந்த ஆட்டத்தோட மரியாதையே இதுலதான் இருக்கு.

டிரான்ஸ்ஃபர் மறந்து போறவங்களுக்கு அது எதுக்குன்னு முழுசா புரியலைன்னு என் அபிப்பிராயம். 1956-ல ஆஸ்வால்ட் ஜேகபி எழுதினதுக்கு அப்புறம்தான் இது அமெரிக்காவுல பரவுச்சு. ஹார்ட் இருந்தா 2 டைமண்ட், ஸ்பேட் இருந்தா 2 ஹார்ட், அவ்வளவுதான். 1 நோ ட்ரம்ப் ஓப்பன் பண்ண, 15-17 பாயின்ட் வச்சிருக்கிறவர் டிக்ளேரர் (ஆட்டத்தை ஆடுறவர்) ஆகுறார், அவரோட கிங்கெல்லாம் டம்மியில (டேபிள்ல விரிச்சு வைக்கிற பார்ட்னர் கையில) திறந்து கிடக்காம மறைவா இருக்கு, எதிராளி போடுற முதல் சீட்டும் அவர் கைக்கு வருது. இதைத்தான் எல்லாரும் சொல்லிக்குடுப்பாங்க. எனக்கு அதைவிடப் பெருசாப் படுறது, உங்களுக்கு ரெண்டாவது தடவை பேச வாய்ப்பு கிடைக்குதே அதுதான். 5 ஹார்ட் வச்சுக்கிட்டு வீக்கா இருந்தா பாஸ், 8-9 இருந்தா 2 நோ ட்ரம்ப், 10 இருந்தா 3 நோ ட்ரம்ப் போட்டு "ஹார்ட்டா நோ ட்ரம்ப்பா நீங்களே முடிவு பண்ணுங்க"ன்னு விட்டுடலாம். பழைய முறையில இத்தனையும் சொல்ல இடமே கிடையாது.

ஸ்டேமனுக்கு (பார்ட்னரோட 1 நோ ட்ரம்ப்புக்கு 2 கிளப் போட்டு, 4 ஹார்ட்டோ 4 ஸ்பேடோ இருக்கான்னு கேக்குறதுக்கு) 8 பாயின்ட் கட்டாயமா?

பொதுவா ஆமா. ஆனா 4 ஸ்பேட், 4 ஹார்ட், 4 டைமண்ட், 1 கிளப், பாயின்ட் ரெண்டோ மூணோன்னு ஒரு கை வந்தா தாராளமா 2 கிளப் போடுங்க, பார்ட்னர் 2 டைமண்டோ ஹார்ட்டோ ஸ்பேடோ எது போட்டாலும் பாஸ். நோ ட்ரம்ப்ல உங்க கை ஒண்ணுக்கும் உதவாது, துருப்பு இருந்தாலாவது கிளப்பை வெட்டி ஒண்ணு ரெண்டு ட்ரிக் எடுக்கலாம். அதுக்கு நேர் எதிரா 10 பாயின்ட், 4-3-3-3 கைன்னா 4 ஸ்பேட் இருந்தாக்கூட நான் ஸ்டேமன் போடமாட்டேன், நேரா 3 நோ ட்ரம்ப். வெட்டுறதுக்கு எதுவும் இல்லாத கை அது.

டீம் மேட்ச், நாங்க வல்நரபிள் (கேம் போனஸும் தோத்தா அபராதமும் கூடுதலா இருக்கற நிலை). பார்ட்னர் 1 ஸ்பேட், நான் 4 ஸ்பேடும் 11 பாயின்டும் வச்சு 3 ஸ்பேட். அவர் 13 பாயின்ட், 5-4-3-1 கையை வச்சுக்கிட்டு பாஸ் பண்ணிட்டார். 10 ட்ரிக் வந்துச்சு. "நிச்சயமா வராத கேமை (4 ஸ்பேட் மாதிரி, பெரிய போனஸ் கிடைக்கிற பிட்டை) எதுக்குப் போடணும்"னு கேக்குறார். யார் சொல்றது சரி?

நீங்க சொல்றதுதான் சரி. கணக்குப் போட்டே காட்டுறேன், ஏன்னா இதை ஒரு தடவை பேப்பர்ல பாத்துட்டா அப்புறம் மறக்காது.

வல்நரபிளா 4 ஸ்பேட் போட்டு சரியா 10 ட்ரிக் எடுத்தா 620. பக்கத்து ரூம்ல அதே சீட்டை வச்சுக்கிட்டு 2 ஸ்பேட்ல நின்னு 10 ட்ரிக் எடுத்தா 170. வித்தியாசம் 450, அதாவது 10 இம்ப் (டீம் மேட்ச்ல ஸ்கோர் வித்தியாசத்தை மாத்திப் போடுற அளவு). இப்ப 9 ட்ரிக்தான் வருதுன்னு வைங்க, உங்களுக்கு மைனஸ் 100, அவங்களுக்கு 140, மொத்தம் 240, இது 6 இம்ப். ஜெயிச்சா 10, தோத்தா 6. அப்போ 8 தடவைக்கு 3 தடவை கேம் வந்தாலே கைக்காசு போகாது, அதுக்கு மேல வர்றதெல்லாம் லாபம். வல்நரபிள் இல்லைன்னா 420-க்கு 170, அது 6 இம்ப், தோத்தா மைனஸ் 50-க்கு 140, அது 5 இம்ப், அப்ப நூத்துக்கு 45 தடவையாவது வரணும். ஜோடி டோர்னமென்ட்ல, மேட்ச் பாயின்ட்ல (எவ்வளவு வித்தியாசம்னு பாக்காம, எத்தனை ஜோடியை முந்தினோம்னு மட்டும் எண்ணுறது), பாதிக்குப் பாதி வந்தாதான் போடணும். உங்க பார்ட்னர் மேட்ச் பாயின்ட் பழக்கத்தை டீம் மேட்சுக்குக் கொண்டு வந்துட்டார்னு நினைக்கிறேன்.

அதோட ரெண்டு கையிலயும் சேர்த்து 9 துருப்பு இருக்கும்போது சிங்கிள்டன் (ஒரு சூட்ல ஒரே சீட்டு) இருக்கற 13 பாயின்ட் கை வெறும் 13 இல்ல. மில்டன் வொர்க் பேர்ல இருக்கற 4-3-2-1 கணக்கு நோ ட்ரம்ப்புக்கு நல்லா ஒத்துவரும், துருப்பு ஆட்டத்துல சீட்டுப் பிரிவு கூடவே பேசும்.

ஒண்ணே ஒண்ணு. நீங்க 9 பாயின்டை 11-ன்னு நினைச்சு 3 ஸ்பேட் போட்டு கேமுக்கு இன்வைட் பண்ணி, அவரும் 12-ஐ 14-ன்னு நினைச்சு ஏத்துக்கிட்டா 8 ட்ரிக் கையில போய் கேம்ல நிப்பீங்க. யார் நீட்டிப் போடுறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க. எங்க ஜோடியில இன்வைட் பண்றவர் கறாரா இருக்கணும், ஏத்துக்கிறவர் தாராளமா இருக்கலாம். உல்டாவா வச்சுக்கிட்டாலும் தப்பில்ல, ரெண்டு பேரும் சேர்ந்து நீட்டக் கூடாது.

பிளாக்வுட் (4 நோ ட்ரம்ப் போட்டு எத்தனை ஏஸ்னு கேக்குறது) கேட்டோம், 2 ஏஸ் இருக்குன்னு பதில் வந்துச்சு, 6 ஸ்பேட் போட்டோம், எதிராளி டைமண்ட் ஏஸ் கிங் ரெண்டையும் அடிச்சு முடிச்சுட்டார். ஏஸ் எண்ணியும் இப்படி ஆச்சே?

கையை அனுப்பியிருந்தீங்க: ஸ்பேட் கிங் குயின் ஜாக்கோட 6 சீட்டு, ஹார்ட் ஏஸ் கிங் குயின், ரெண்டு சின்ன டைமண்ட், கிளப் கிங் குயின். 1 ஸ்பேட், 3 ஸ்பேட், 4 நோ ட்ரம்ப், 5 ஹார்ட். இந்தக் கைக்கு பிளாக்வுட் கேள்வியே தப்பான கேள்வி. உங்களுக்குத் தெரிய வேண்டியது எத்தனை ஏஸ்னு இல்ல, எந்த ஏஸ்னு. ஸ்பேட் ஏஸும் டைமண்ட் ஏஸும் இருந்தா ஸ்லாம் (6 ஸ்பேட் மாதிரி 12 ட்ரிக் எடுக்குற பிட்) கையில. ஸ்பேட் ஏஸும் கிளப் ஏஸும்னா முதல் ரெண்டு ட்ரிக்லயே கதை முடிஞ்சுது. ரெண்டுக்கும் பதில் 5 ஹார்ட்தான்!

ஈஸ்லி பிளாக்வுட் 1933-ல இதைக் கண்டுபிடிச்சப்ப இது ஸ்லாமுக்குப் போற வழியா இருக்கலை, போகக்கூடாத ஸ்லாமுல இருந்து தப்பிக்கிற வழி. யாரும் பிட் பண்ணாத சூட்ல ரெண்டு சின்ன சீட்டு இருந்தாலோ, கையில ஒரு சூட்டே இல்லாம இருந்தாலோ 4 நோ ட்ரம்ப் பக்கம் போகாதீங்க. 3 ஸ்பேடுக்கு அப்புறம் 4 கிளப் போட்டு "எனக்கு கிளப் பரவால்ல, உங்களுக்கு டைமண்ட் எப்படி?"ன்னு கேளுங்க. அவர் 4 டைமண்ட் போட்டார்னா சந்தோஷமா மேல போகலாம், 4 ஸ்பேட் போட்டார்னா அங்கேயே நின்னுக்கோங்க. இப்படி கண்ட்ரோல் (எதிராளி அந்த சூட்ல தொடர்ந்து எடுக்காம தடுக்கிற சீட்டு) காட்டுறதுல முதல் ரவுண்டு மட்டுமா, கிங்கும் சேத்தியான்னு உங்களுக்குள்ள பேசி வச்சுக்கணும். நாங்க கிங்கையும் சேத்துக்கிறோம்.

கிளப் துருப்பா இருக்கறப்ப இன்னும் ஜாக்கிரதை. 2 ஏஸ் வேணும்னு கேட்டு, ஒரு ஏஸ்தான்னு 5 டைமண்ட் பதில் வந்துட்டா 5 கிளப்ல நிக்க முடியாது, தாண்டியாச்சு.

3 டைமண்ட் ஓப்பன் பண்ணேன், டைமண்ட் கிங் குயின் ஜாக் பத்தோட 7 சீட்டு, வேற ஒண்ணுமே இல்ல. பார்ட்னர் 3 நோ ட்ரம்ப் போட்டார். எனக்கு பயம், 4 டைமண்ட் போட்டேன். ஆட்டம் முடிஞ்சதும் ரொம்பக் கோவப்பட்டார்.

கோவம் நியாயம்தாங்க. அவர்கிட்ட டைமண்ட் ஏஸும் ஒரு சின்ன டைமண்டும் இருந்திருக்கும், உங்க 7 டைமண்ட் ட்ரிக், வெளியில அவரோட ரெண்டு ஏஸ், மொத்தம் 9. உங்க கையைப் பத்தி ஒரே பிட்ல முழுசா சொல்லி முடிச்சுட்டீங்க, அவர் கையைப் பத்தி உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, அப்ப முடிவு எடுக்க வேண்டியது யாரு? ப்ரீஎம்ப்ட் பண்ணவர் (எதிராளிக்குப் பேச இடம் குடுக்காம நேரா மேல் லெவல்ல ஓப்பன் பண்ணவர்) பார்ட்னர் கேட்டாலொழிய மறுபடி வாயைத் திறக்கக் கூடாது. இதுல நான் ரொம்பக் கண்டிப்பு.

எவ்வளவு தைரியமா போடலாம்னு கேட்டா, பழைய கணக்கு ஒண்ணு இருக்கு. வல்நரபிளா இருந்தா 2 ட்ரிக், இல்லைன்னா 3 ட்ரிக் வரைக்கும் குறையலாம். எதிராளி டபுள் பண்ணாலும் (அபராதத்தைக் கூட்டினாலும்) ரெண்டுமே மைனஸ் 500-தான். உங்க கை தனியா 6 ட்ரிக் எடுக்கும், 3 டைமண்டுக்கு 9 வேணும், அப்ப வல்நரபிள் இல்லாதப்ப சரி, வல்நரபிள்னா ஒரு ட்ரிக் அதிகம். எதிராளி வல்நரபிள்னா அவங்க கேம் 600-க்கு மேல, 500 குடுத்தா லாபம். அவங்களும் வல்நரபிள் இல்லைன்னா அவங்க கேம் 400 சொச்சம்தான், அங்க 500 குடுத்தா நமக்குத்தான் நஷ்டம்.

எதிராளி 1 டைமண்ட், பார்ட்னர் டபுள், அடுத்தவர் பாஸ். என்கிட்ட 1 பாயின்ட். பேசவே ஒண்ணும் இல்லாததால பாஸ் பண்ணேன்.

நீங்க பாஸ் பண்ணா அவங்க 1 டைமண்டை டபுளோட ஆடுவாங்க, வல்நரபிள் எதிராளி ரெண்டு ட்ரிக் அதிகமா எடுத்தா 540 போச்சு. டேக்-அவுட் டபுள்னா "என்கிட்ட டைமண்ட் கம்மி, மத்த மூணும் இருக்கு, உனக்குப் பிடிச்ச சூட்டைச் சொல்லு"ன்னு அர்த்தம். கை எவ்வளவு மோசமோ அவ்வளவு கட்டாயம் பேசியே ஆகணும். 0-8 வரைக்கும் கிடைக்கிற சின்ன லெவல்ல சூட், 9-11-க்கு ஒரு படி தாண்டி, 12-க்கு மேல அவங்க சூட்டையே போடுறது. பாஸ் பண்ணணும்னா டைமண்ட் குயின் ஜாக் பத்து ஒன்பதுன்னு 5 சீட்டு கெட்டியா இருக்கணும், துருப்பைப் பிடுங்குற அளவுக்கு.

நெகட்டிவ் டபுளையும் இதையும் குழப்பிக்காதீங்க. அது நம்ம ஆள் ஓப்பன் பண்ணி எதிராளி நடுவுல புகுந்ததுக்கு அப்புறம் வர்றது. 1957-ல ஸ்புட்னிக் விண்ணுக்குப் போன சமயத்துல வந்ததால அதுக்கு ஸ்புட்னிக் டபுள்னே பேர் இருந்துச்சு. எந்த லெவல் வரைக்கும் நெகட்டிவ்னு பார்ட்னர்கிட்ட கேட்டு எழுதி வைங்க.

நானும் என் மனைவியும் ஜோடியா ஆடுறோம். எத்தனை கான்வென்ஷன் (தனி அர்த்தம் பேசி வச்ச பிட்) வச்சுக்கறது?

நடு ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் ரெண்டு பேரும் ஒரே பதில் சொல்ற அளவுக்கு. முதல் வருஷம் ஸ்டேமன், டிரான்ஸ்ஃபர், பிளாக்வுட், டேக்-அவுட் டபுள், நெகட்டிவ் டபுள், வீக் டூ (நீளமான ஒரு சூட்டோட வீக் கையை 2-ல ஓப்பன் பண்றது), இது தாராளம். புதுசா ஒண்ணு சேக்குறதுக்கு முன்னாடி எதிராளி நடுவுல டபுள் பண்ணா என்ன, மேல பிட் பண்ணா என்னன்னு ரெண்டையும் பேசிடுங்க, பேசலைன்னா சேக்க வேண்டாம். 2018 ஜகார்த்தா ஏசியன் கேம்ஸ்ல பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் ஜோடி தங்கம் வாங்குனப்ப ஒருத்தருக்கு வயசு 60, இன்னொருத்தருக்கு 56. பல வருஷம் ஒண்ணா உக்காந்து ஆடின ஜோடி அது. அந்த செய்தியைப் படிச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. டேபிள்ல ஒருத்தரை ஒருத்தர் திருத்தாதீங்க, வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்து வச்சுப் பேசுங்க.

அண்ணை, நாங்கள் யாழ்ப்பாணத்திலை சின்ன வயசிலை இருந்து 304 எண்ட சீட்டாட்டம் விளையாடின ஆக்கள். இப்ப ரெண்டு பேரும் பிரிட்ஜ் பழகுறம். எங்களுக்கு மட்டும் விளங்குற மாதிரி ஒரு பிட் வச்சிருந்தா பிழையோ?

பிழைதான் தம்பி. பிரிட்ஜ்ல கிட்டத்தட்ட எந்த அர்த்தம் வேணும்னாலும் வச்சுக்கலாம், ஆனா எதிராளி கேட்டா அப்படியே சொல்லிடணும், கான்வென்ஷன் கார்டுல எழுதி டேபிள்ல வைக்கணும். நீங்க ஒரு பிட்டுக்கு வச்சிருக்கற அர்த்தம் எதிராளிக்கும் தெரிஞ்சிருக்கணும், தெரிஞ்சும் அவங்களை ஜெயிக்கணும்.

மத்தபடி உங்களுக்கு நல்ல அடித்தளம் இருக்கு. எதிர்ல உக்காந்திருக்கிறவர் கையில என்ன இருக்கும்னு அவர் கேட்ட அளவை வச்சு கணிக்கிற பழக்கம் 304-லயே வந்திருக்கும். மாத்திக்க வேண்டியது சீட்டோட மதிப்பு. அங்க ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2, ஒரு சூட்டுக்கு 76, நாலு சூட்டுக்கு 304. இங்க ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1, மொத்தமே 40. நீங்க அனுப்புன மூணு கையிலயும் ஜாக்கும் ஒன்பதும் வச்சுக்கிட்டு அளவுக்கு மீறி பிட் பண்ணியிருக்கீங்க, காரணம் இதுதான்னு நினைக்கிறேன். கொஞ்ச நாளைக்கு ஒவ்வொரு கையையும் எடுத்ததும் முதல்ல ஏஸையும் கிங்கையும் மட்டும் எண்ணுங்க, ஜாக்கைக் கடைசியில சேத்துக்கலாம். அடுத்த மாசம் நாலஞ்சு கை எழுதி அனுப்புங்க, பாக்குறேன்.